அறுநூற்று நாற்பது

நாலு எம்பி கனத்தில் கிடக்கிறது படகு.
விளம்பரத்துக்கு அவர்கள் கேட்பது
இருநூறு கேபிக்குள்.

கடற்பாசி நிறுக்கும் கொட்டகையில்
சொதசொதத்த மூட்டைகளுக்கு நடுவே
முதலாளியின் கம்ப்யூட்டர்.
எஸ் விசையில் உப்பு ஏறிவிட்டது,
அழுத்தினால் எழுந்திருக்க யோசிக்கும்.
அச்சாவோவில் இன்றோடு மூன்று நாளாய் மழை.

அம்புக்குறியைத் தட்டுகிறேன்.
அடுத்தது. அடுத்தது.
கவிழ்த்துப் போட்ட படகு.
நிமிர்த்திய படகு.
எலிசேயோவின் கட்டைவிரல்
பாதியை மறைத்த படகு.
ஒரு நாய் மட்டும், படகே இல்லை
(அது யார் வீட்டு நாய்?)
அடுத்தது.

இதுதான்.
போன ஏப்ரலில், கடல் உள்வாங்கிய மணலில்
ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறாள்.
விலாவில் மஞ்சள் பெயின்ட்டில்
அவன் எழுதிய கொட்டை எழுத்து:
லா போர்ஃபியாதா.
பிடிவாதக்காரி.
என்னை நினைத்துத்தான் வைத்தான் என்று
கரையே சிரித்தது. நானும்தான்.
புவெர்த்தோ மோன்ட்டுக்கு பஸ் ஏறியபோது
படகை எனக்கென்று விட்டுப்போனான்,
அதன் மேலிருந்த கடனோடு.

பெரிதாக்கிப் பார்க்கிறேன்.
விரிசல் கண்ணில் பட்டால்
வாங்குகிறவன் விலையில் பிடிப்பான்.
நூறு சதவீதம்:
ஆணித் தலைகள், துரு வழிந்த தடம்.
இருநூறு:
நான் அடித்த ஒட்டுப்பலகை, கோணலாக.
நானூறு:
சுக்கான் அறைக் கண்ணாடிக்குள்
யாரோ.
சிவப்பு மழைக்கோட்டு,
முகத்துக்கு முன்னே தூக்கிய கைகள்.

எண்ணூறு:
சிவப்புக் கட்டங்கள் ஒன்பது,
தோல் நிறத்தில் நாலு.
அந்த நாலில்
சிரித்துக்கொண்டிருந்தேனா என்று தெரியவில்லை.
இதற்கு மேல் நெருங்கினால்
செங்கல்தான், ஆள் இல்லை.

படகோடு என்னையும் சேர்த்தா விற்பது?

அகலம் நாலாயிரம் என்றிருப்பதை
அழித்துவிட்டு ஈராயிரம் போடுகிறேன்.
கோட்டு இன்னும் சிவப்பு.
ஆயிரத்து இருநூறு: ஒரு கறை.
எண்ணூறு: ஒற்றைப் புள்ளி,
மழைத்துளி என்று சாதித்துவிடலாம்.
அறுநூற்று நாற்பது.

கண்ணாடியில் வானம் மட்டும்.
படகு இருக்கிறது.
கண்ணைச் சுருக்கினால் பெயரும் இருக்கிறது.
தொண்ணூற்றாறு கேபி.

சேமி என்றேன்.
குறுக்கே வந்து நின்றது ஒரு சின்னப் பெட்டி:
இதே பெயரில் கோப்பு உள்ளது.
பழையதை அழித்து எழுதவா?

அதற்குள் வென்செஸ்லாவோ வாசலில் கத்துகிறான்.
எழுந்து போய் நிறுத்தேன்.
நூற்றுப் பதினாலு கிலோ,
ஈரத்துக்குப் பத்துக் கழிவு.
பத்தா, எட்டு போடு என்றான்.
பத்து என்றேன்.
முணுமுணுத்துக்கொண்டே
நனைந்த நோட்டை எண்ணி வாங்கிப்போனான்.

திரும்பி வந்தால்
பெட்டி அப்படியே நிற்கிறது.
ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு
இவ்வளவு நேரம் எனக்காக
யாரும் காத்து நின்றதில்லை.

இல்லை, என்றேன் அதனிடம்.
பெயருக்குப் பின்னால்
'சின்னது' என்று சேர்த்து
எஸ்ஸை இரண்டு தடவை குத்தி
வேறாகச் சேமித்தேன்.

நாலாம் நாள்
கெய்யோனிலிருந்து ஒருவன் எழுதினான்:
எஞ்சின் மூடி தெரியவில்லை, பெயரும் மங்கல்,
பெரிய படம் இருக்கிறதா?

இருந்தது.
கொட்டகையின் இணைப்பில்
பதினொரு நிமிஷம் ஊர்ந்தது நீலப் பட்டை,
ஆணி, துரு, கோணல் பலகை,
ஒன்பது சிவப்புக் கட்டம்
எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு.
தொண்ணூற்றெட்டில் கொஞ்ச நேரம் நின்று
பிறகு போனது.

மாலையே பதில்:
விலையில் கொஞ்சம் பார்த்துச் செய்ய முடியுமா?
கண்ணாடியில் தெரிவது நீங்களா?

இரண்டு கேள்விக்கும் சேர்த்து
ஒரு வரி அடிக்கத் தொடங்கி, அழித்து,
முதலாவதற்கு மட்டும் எழுதினேன்:

முடியாது.